ஆயில் கேட்ச் கேன் கரியைத் தடுக்குமா?
டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ என்ஜினில் கேட்ச் கேன் (எண்ணெய் ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பா) பொருத்திவிட்டால் வால்வில் கரியே படியாது என்று நம்பிவிடாதீர்கள். குறையலாம், அவ்வளவுதான்.

இவ்வகை என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகை அது கழுவுவதே இல்லை. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி சூடான வால்வில் பட்டுத் தார் போல இறுகிக் கரியாகிறது. கேட்ச் கேன் அந்த ஆவியில் ஒரு பகுதியை வழியிலேயே பிடித்துவைக்கும். வால்வுத் தண்டின் சீல் வழியே கசியும் எண்ணெயை அது தொடாது.

வாங்கும்போது மூடியைத் திறந்து, உள்ளே தடுப்புத் தகடோ கம்பிவலையோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டப்பாவால் பயனில்லை. டர்போ என்ஜின்களில் ஆவிக்குப் பெரும்பாலும் இரண்டு பாதைகள் உண்டு: ஒன்று சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, மற்றொன்று டர்போவின் வாய்க்கு. ஒன்றில் மட்டும் கேனைப் பொருத்தினால் பாதி வேலைதான் நடக்கும்.

சேர்ந்ததை மறக்காமல் வடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் நீரும் எண்ணெயும் கலந்து வெளிர்பழுப்புக் குழம்பாக வரும்; கடுங்குளிரில் அது உறைந்து குழாயை அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கெடும்.

ஏற்கெனவே படிந்த கரிக்கு வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதே நல்ல வழி. பெட்ரோல் டாங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வை எட்டுவதே இல்லை.