பர்ஸ் தொலைந்துவிட்டது, ஊருக்குப் போகக் காசில்லை என்று கேட்டால்

எழும்பூர் ஸ்டேஷனிலோ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டிலோ யாராவது இப்படி வந்து நின்றால் சட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிஜமாகவே பர்ஸைப் பறிகொடுத்தவர் இஸ்திரி போட்ட சட்டையோடும் நிற்பார். எந்த ஊர் என்று கேளுங்கள், "வாங்கண்ணே, கவுன்டர்ல நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். தேவை இருப்பவர் கூடவே வருவார். ஏமாற்ற வந்தவர் பெரும்பாலும் நழுவிவிடுவார். போன மாதம் ஒரு பெரியவர், விழுப்புரம் டிக்கெட் கையில் வந்ததும் அதை நாலாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு, மிச்சச் சில்லறையை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.

அப்புறம், பசி என்று யார் சொன்னாலும் ஆராயவே வேண்டாம், நாலு இட்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குழந்தை தனியாக நின்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், ரயில் பயணத்தில் என்றால் ரயில்வே உதவி எண் 139.