மூக்கு ஒழுகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"சளிதானே, ரெண்டு நாளில் சரியாகிவிடும்." கோலாலம்பூர் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களும் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குதிரைகளைத் தாக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய் லாயம் முழுக்கப் பரவ அந்த ரெண்டு நாள் போதும்.

தாடைக்கடியில் கட்டி வீங்கி, மூக்கில் சீழ் வடிந்த பிறகுதான் பலர் குதிரையைப் பிரிக்கிறார்கள். காய்ச்சலோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. காய்ச்சல் கண்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேற ஆரம்பிக்கும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதனால் ஒரு குதிரைக்குச் சந்தேகம் வந்தாலே, எல்லாவற்றுக்கும் காலை மாலை தெர்மாமீட்டர் வையுங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் அன்றே தனி இடம். நம் ஊர் வெயிலில் ஓடி வந்த கையோடு பார்த்தால் எல்லாமே காய்ச்சல்காரக் குதிரைதான். ஓய்வில் இருக்கும்போது பாருங்கள்.

பிரித்தாயிற்று. ஆனால் வாளி அதேதான், துடைக்கிற துணி அதேதான், ஹோஸ் முனை எல்லாத் தண்ணீர்த் தொட்டியிலும் முங்கி எழுகிறது. பிறகு பிரித்து என்ன பயன்? நலமாக இருக்கும் குதிரைகளை முதலில் கவனித்துவிட்டு, நோயாளியிடம் கடைசியாகப் போக வேண்டும். லத்தியும் சீழும் ஒட்டிய தரையில் குளோராக்ஸ் ப்ளீச் ஊற்றுவதும் வீண்; முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், கிருமிநாசினி அப்புறம்.

மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடுவது இன்னொரு தவறு. கட்டி பழுக்கும் நேரத்தில் போடும் ஆன்டிபயாடிக், அது உடைவதைத் தள்ளிப்போடலாம்.

எந்த நோய் என்று உறுதிசெய்வதும் முக்கியம். 2020இல் தாய்லாந்திலும் பிறகு மலேசியாவிலும் வந்த ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பியது மூக்குச்சளி அல்ல, அகாஸ் என்ற, கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சி. அதற்கு, அந்தி சாய்வதற்குள் லாயத்தில் நெருக்கமான வலை கட்டாமல், பிரித்து மட்டும் வைத்தால் பலனில்லை.

என்னைக் கேட்டால், மூக்கு காய்ந்ததுமே "முடிந்தது" என்று கதவைத் திறப்பதுதான் ஸ்ட்ராங்கிள்ஸில் பெரிய தவறு. தொண்டைக்கு மேலே, காதுக்குழாயோடு சேர்ந்து குதிரைக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு. தேறிய குதிரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, அங்கே கிருமியை மாதக்கணக்கில் சுமந்து திரியும். பளபளவென்று, நன்றாகத் தின்றுகொண்டு. குழாய்க் கேமரா விட்டு அந்தப் பைகளைக் கழுவிச் சோதிக்கச் சொல்லுங்கள். கிருமி இல்லை என்று சோதனை முடிவு வரும்வரை அந்தக் குதிரை பினாங்குக்கும் போக வேண்டாம், பக்கத்துத் தொட்டியில் தண்ணீரும் குடிக்க வேண்டாம்.