முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருப்பது இடுப்பு மூட்டாக இருக்கலாம்: வீட்டிலேயே பார்ப்பது எப்படி

நம் ஊரில் "இடுப்பு வலிக்குது" என்று சொல்பவர் பெரும்பாலும் கையை வைப்பது முதுகின் அடியில். அது முதுகெலும்பு. இடுப்பு மூட்டு வேறு. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கும் இடம் அது, தொடையிடுக்குக்கு நேர் பின்னால் நல்ல ஆழத்தில் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் அதற்குத் தனிப் பெயரே இல்லை. அதனால்தானோ என்னவோ, அது தேய ஆரம்பிக்கும்போது நாம் முதுகையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் சித்திக்கு அப்படித்தான் ஆனது. வலது முழங்காலில் வலி என்று எட்டு மாதம் அலைந்தார். எக்ஸ்ரேயில் அறுபதை நெருங்குகிற யாருக்கும் தெரியக்கூடிய லேசான தேய்மானம் தெரிந்தது, சரி அதுதான் என்று மாத்திரை, பெல்ட், கரண்ட் வைப்பது எல்லாம் நடந்தது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவரைப் படுக்க வைத்து, காலை மடக்கித் திருப்பியபோதுதான் வலி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. இரண்டு மூட்டுக்கும் போகிற நரம்புகளில் சில பொதுவானவை, மேலே கோளாறு என்றால் கீழே வலிக்கும்.

முதலில் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக்காரர்கள் ஒரு விரலால் காட்ட மாட்டார்கள். கட்டை விரல் பின்னாலும் மற்ற விரல்கள் தொடையிடுக்கிலும் இருக்கும்படி பக்கவாட்டில் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். தொடையிடுக்கு, தொடையின் முன்பக்கம், சில சமயம் முழங்கால், இவைதான் அதன் இடங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது வெளிப்பக்க எலும்பு மேட்டில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் அங்குள்ள தசைநாண் பிரச்சினை. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை சுரீரென்று இழுத்தால் முதுகைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது திருப்பிப் பார்ப்பது, இதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த மூட்டு தேயத் தொடங்கும்போது முதலில் குறைவது தொடை உள்பக்கமாகத் திரும்பும் அசைவு. உயரமான நாற்காலியிலோ மேஜை விளிம்பிலோ பாதம் தொங்கும்படி உட்காருங்கள், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக விலக்குங்கள். முதலில் ஒரு கால், அப்புறம் மற்றது. பாதம் வெளியே போகும்போது தொடை எலும்பு உள்ளே திரும்புகிறது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்ச தூரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றால், கூடவே தொடையிடுக்கில் வலித்தால், சந்தேகப்பட வேண்டியதுதான். ஏற்கெனவே இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், அண்மையில் விழுந்தவர்கள் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பே அன்றாட வேலைகள் காட்டிக்கொடுத்திருக்கும். கால் நகம் வெட்ட எட்டவில்லை, மெட்டி போட இன்னொருவர் வேண்டியிருக்கிறது, சம்மணம் போட்டால் ஒரு முழங்கால் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, பைக்கில் ஏறக் காலைச் சுழற்றிப் போட முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்ததும் முதல் நாலு அடி நொண்டல், அப்புறம் சரியாகிவிடும். காலையில் எழுந்ததும் உள்ள பிடிப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வாத அழற்சி வகையா என்று பார்ப்பது நல்லது. "வயசாச்சு" என்று இவற்றை ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை, வயது இரண்டு காலுக்கும் ஒன்றுதானே?

சரி, ஏன் தேய்கிறது? உருண்டையையும் கிண்ணத்தையும் மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. அதனால் ஆரம்பச் சிதைவு வலிக்காது, தானாக ஆறுவதும் அரிது. மெல்ல மெல்ல அது நார் நாராகி மெலியும், அடியிலுள்ள எலும்பு இறுகும், விளிம்பில் எலும்பு முளைகள் வளரும், மூட்டைச் சுற்றிய உறை இறுகும். நமக்குத் தெரிய வரும்போது கதை பாதி ஓடியிருக்கும்.

வயது, பரம்பரை, பழைய எலும்பு முறிவு, பல வருடம் பாரம் தூக்கிய உழைப்பு எல்லாம் காரணங்கள்தான். உடல் எடைக்கும் பங்குண்டு, ஆனால் முழங்காலில் உள்ள அளவுக்கு இல்லை. பலர் யோசிக்காத காரணம் மூட்டின் வடிவம். பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு நாலிலிருந்து எட்டு வயதுக்குள் அதிகம் வரும் பெர்த்தஸ் நோய், வளர்கிற வயதில் தொடை எலும்பின் தலை நழுவுவது, இவை வடிவத்தை மாற்றிவிட்டால் பாரம் ஒரே இடத்தில் விழுந்து நாற்பதுகளிலேயே தேய்மானம் வரலாம். கைக்குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது கிண்ணம் சரியாக உருவாவதைக் கெடுக்கும். நம் பாட்டிகள் கால்களை விரித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட முறை மூட்டுக்கு நல்லது.

நம் நாட்டில் இளம் வயதினருக்கு இடுப்பு வலி என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஏவிஎன். ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை செத்துப்போகும் நோய் இது. அதிக அளவு ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி, அரிவாள் அணு ரத்தசோகை ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஆகவே ஸ்டீராய்டு எடுத்திருந்தால் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரே எடுப்பதானால் இரண்டு இடுப்பு மூட்டும் ஒரே படத்தில் வரும்படி கேளுங்கள், ஒப்பிட வசதி. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி குறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் கிரேடு 2, 3 என்று இருந்தால் அது கெல்கிரன், லாரன்ஸ் என்ற டாக்டர்கள் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான தேய்மான அளவு. எண்ணும் வலியும் எப்போதும் ஒத்துப்போகாது. காய்ச்சலோடு வலி, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, ராத்திரி தூங்கவிடாத வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது என்றால் வீட்டுச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

ஆரம்ப நிலையில் முக்கிய மருந்து உடற்பயிற்சிதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, சமதரையில் நடப்பது. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள். தைலம் தேய்ப்பது சுகம்தான், ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு அது போகாது. வலி மாத்திரையைத் தினமும் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகமும் வயிறும் பாதிக்கும்.

கைத்தடி பிடிப்பதானால் வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள். வலிக்கிற காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது வலிக்கிற பக்கத்துத் தசை, அது இழுக்கிற இழுப்பே மூட்டை நசுக்குகிறது. எதிர்க் கையில் தடி இருந்தால் அந்த இழுப்பு குறையும். சித்தி வலது காலுக்காக இடது கையில்தான் தடி பிடிக்கிறார். தெருவில் போவோர் வருவோரெல்லாம் "மாத்திப் பிடிச்சிருக்கீங்கம்மா" என்கிறார்கள், அவரும் சலிக்காமல் நின்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்.