கருவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைக்காதீர்கள்: டிஜிட்டல் கல்வி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எம்.எட். படிக்கும் இரண்டு பேர் ஆய்வேட்டின் வரைவோடு வந்தார்கள். எட்டாம் வகுப்புக் கணிதம், ஒரு செயலி, ஆறு வாரம், முன்தேர்வு, பின்தேர்வு. பின்தேர்வை எதில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "செயலியிலேயே சார், மதிப்பெண்ணையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறது" என்றார்கள், வேலை மிச்சமான சந்தோஷத்தில். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. நானும் இதைச் செய்தவன்தான்.

மாணவர் எண்ணிக்கை போதவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு (செயலி கொடுக்காத மாணவர்கள்) இல்லை என்பதையெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கருவி கையில் இருக்கும்போதே அளப்பது

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் மதிப்பீட்டு வேலை பார்த்தேன். சில நடுநிலைப் பள்ளிகளுக்கு டேப்லெட்டும் ஒரு கணிதச் செயலியும் கொடுத்திருந்தோம். வாராவாரம் வரைபடம் ஏறிக்கொண்டே போனது. பின்னம் பாடத்தில் ஏற்றம் கண்ணைப் பறித்தது. அறிக்கை எழுதி அனுப்பினேன். நிதி கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு கணித ஆசிரியை கூப்பிட்டார். "சார், அதே பின்னக் கணக்கைத் தாளில் கொடுத்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் வந்து பாருங்கள்" என்றார். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. செயலியில் ஏறக்குறைய எல்லாருக்கும் சரியாக வந்த அதே கணக்கு.

போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்தது. 'உதவி' பொத்தானை மூன்று முறை அழுத்தினால் நான்காவதாக விடையே வந்துவிடும். ஒரு பையன் கணக்கைப் படிக்கவே இல்லை. டக், டக், டக், விடையைப் பார்த்து அடித்துவிட்டு அடுத்த கணக்கு. பக்கத்திலிருந்த பிள்ளைக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். நல்ல ஆசிரியராக வருவான். இந்த வித்தை வகுப்பு முழுக்கப் பரவிய வேகத்தைத்தான் நான் வரைபடமாகப் போட்டு அனுப்பியிருந்தேன்.

இது யாரும் அறியாத ரகசியமும் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் சகாக்களும் 2004-லேயே எழுதியிருக்கிறார்கள்: உதவியைத் தொடர்ந்து அழுத்தியும் விடையை மாற்றி மாற்றிப் போட்டும் கணினிப் பயிற்றுநரை, அதாவது பாடம் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளை, ஏய்க்கிற மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்கிறார்கள். நான் அதைப் படித்திருக்கவில்லை. திருத்திய அறிக்கையை அனுப்ப எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளப் போனது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தத் தவறின் விலை இன்னும் கூடிவிட்டது. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2025-இல் பிஎன்ஏஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் இதழில் வெளியானது. கணிதப் பயிற்சியின்போது சாதாரண ஜிபிடி-4 அரட்டையைப் பயன்படுத்தியவர்களின் பயிற்சி மதிப்பெண், கருவி கிடைக்காதவர்களைவிட 48 சதவீதம் கூடியது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு 127 சதவீதம். இங்கேயே நிறுத்தியிருந்தால் எவ்வளவு அருமையான ஆய்வேடு! ஆனால் ஆய்வாளர்கள் கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண அரட்டைக்காரர்கள், அந்தக் கருவியே கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த 127-க்குச் சமமான லாபமும் தேர்வில் இல்லை.

"எப்போதும் கையில் போன் இருக்கப்போகிறது, அதைப் பிடுங்கிவிட்டு ஏன் தேர்வு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சாலமன், பெர்கின்ஸ், குளோபர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1991-லேயே இதை இரண்டாகப் பிரித்தார்கள்: கருவியோடு சேர்ந்து ஒருவரால் செய்ய முடிவது ஒன்று, கருவி போனபிறகு அவரிடம் மிஞ்சுவது இன்னொன்று. எதை வேண்டுமானாலும் ஆராயுங்கள். முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவது கூடியது என்று முடிவுரையில் எழுதினால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வருகிற வரைவுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் போகட்டும். பிறகு தாளில் தேர்வு. எண்களை மாற்றுங்கள், ஒரு கேள்வியையாவது செயலியில் இல்லாத வடிவத்தில் கேளுங்கள். கேள்விகளைச் செயலி நிறுவனத்திடம் வாங்காமல் வகுப்பாசிரியரிடம் எழுதி வாங்குங்கள்.

"செயலி சிறந்ததா, பாடநூல் சிறந்ததா?"

இந்தத் தலைப்புக்கு வயது நாற்பதுக்கு மேல். ஊடகம் வெறும் வண்டி, மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடம்பில் சத்து கூடிவிடுமா என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் கேட்டார். வண்டியைப் பொறுத்து ஏற்றக்கூடிய சரக்கும் மாறும் என்கிற பக்கத்தில் நின்று ராபர்ட் கோஸ்மா 90-களில் மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. நான் பாதி கிளார்க் கட்சி.

பெருவில் 319 பள்ளிகளை வைத்து, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி திட்டத்தை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வந்தது. கணினிகள் வந்து சேர்ந்தன; கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதற்குச் சான்று இல்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களில் நடந்த ஆய்வில் நாலரை மாதத்தில் கணிதம் 0.37, இந்தி 0.23 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) ஏறியது. செயலிக்கு வெளியே, தாளில் வைத்த தேர்வில் வந்த ஏற்றம் அது. அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலையிலிருந்தே கணக்குக் கொடுத்தது. கூடவே உதவியாளர் ஒருவர் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தார். ஏற்றத்துக்கு எது எவ்வளவு காரணம் என்று கேட்டுப் பாருங்கள், அங்கேதான் உங்கள் ஆய்வேட்டுத் தலைப்பு இருக்கிறது.

2 சிக்மா

தனிப்பயிற்சி கொடுத்தால் மாணவர் இரண்டு திட்ட விலக்கம் (அதுதான் 2 சிக்மா) ஏறுவார் என்று கல்வி உளவியலாளர் புளூம் 1984-இல் எழுதியதை முன்னுரையில் வைக்காதவர்கள் குறைவு. 2011-இல் வான்லென் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனிதர் தரும் தனிப்பயிற்சிக்கு வந்தது 0.79 திட்ட விலக்கம், கணினிப் பயிற்றுநருக்கு 0.76. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

'டிஜிட்டல் தலைமுறை' என்று தொடங்குவது

வேண்டாம்.

கற்றல் பாணிக்குக் கேள்வித்தாள்

ஒவ்வொருவரின் பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் பாஷ்லர் குழு 2008-இல் தேடிப்பார்த்துச் சொல்லிவிட்டது. எடுத்துவிடுங்கள்.

பிடித்திருந்ததா என்று கேட்பது

கேளுங்கள், ஆனால் கற்றதற்குச் சான்றாக வைக்காதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், சரளமான விரிவுரை கேட்ட மாணவர்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர்கள், தாங்களே மல்லுக்கட்டிக் கணக்குப் போட்ட மாணவர்கள்.

வந்த இருவரும் தாளில் மறுதேர்வு வைத்துவிட்டார்கள். மதிப்பெண் இறங்கிவிட்டதாம். "வழிகாட்டியிடம் என்ன சார் சொல்வது?" என்று நேற்று போன் செய்தார்கள். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.