சிகரெட்டை விடும் தேதிக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

சிகரெட்டை விட முடிவு செய்தவர்கள் பலர் அந்த நிமிடமே பாக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படி விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என்னைப் போலப் பல வருடம் புகைத்தவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி குறியுங்கள் என்பதுதான். நிகோட்டினுக்கு ஏங்கும் உடம்பின் அவதி முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் வேலை நெருக்கும் வாரமாக அது இருக்க வேண்டாம். அதுவரை புகைத்துக்கொள்ளுங்கள். மனதைத் தயார் செய்வது அந்த நாட்களில்தான் நடக்கும்.

முதலில், எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு வரி: மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு தேவைப்பட்டது. நான் பாக்கெட்டைச் சுற்றி ஒரு தாளை ரப்பர் பேண்டால் கட்டி, உள்ளே ஒரு துண்டுப் பென்சிலைச் செருகி வைத்திருந்தேன். தாளைப் பிரிக்காமல் சிகரெட்டை எடுக்க முடியாது. சில நாளிலேயே ஒன்று தெரிந்தது. போன் மணி அடித்தாலே, யார் கூப்பிட்டாலும், நான் சிகரெட்டோடு பால்கனிக்குப் போயிருக்கிறேன். அந்த வரிகளில் 'தேவை' என்ற இடத்தில் பெரும்பாலும் எதுவுமே இல்லை. காலையில் எழுந்ததும் பிடிக்கும் முதல் சிகரெட்டைத்தான் உடம்பு உண்மையாகவே கேட்டது.

இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பாருங்கள். ரத்தத்தில் நிகோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு இரவுத் தூக்கத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். எழுந்த அரை மணிக்குள், அதிலும் 5 நிமிடத்துக்குள், பற்ற வைக்காமல் இருக்க முடியவில்லை என்றால் உங்கள் உடம்பு நிகோட்டினை நன்றாகவே சார்ந்திருக்கிறது. அப்படியானால் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் கம், மாத்திரை என்று வழிகள் உண்டு. வரெனிக்லின் மாத்திரையை வழக்கமாக விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவார்கள். மருந்தின் துணையோடு விடுவதில் எந்தக் குறைவும் இல்லை. மனச்சோர்வுக்கோ வேறு எதற்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். புகையை நிறுத்தியதும் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டி வரும்.

பழக்கத்தால் வருகிற சிகரெட்டுகளுக்கு மருந்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வேண்டும், அதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும். 'போன் வந்தால் வீட்டுக்குள்ளேயே நடந்தபடி பேசுவேன்' என்று எழுதி வைத்துவிட்டு, இரண்டாவது வாரம் முழுக்க அப்படியே பேசினேன். மற்ற நேரத்தில் புகைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போனுக்கும் சிகரெட்டுக்கும் இருந்த முடிச்சு தேதிக்கு முன்பே தளர்ந்துவிட்டது. தினமும் ஒரு தடவையாவது, ஆசை வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். அது எழும்பி, அப்புறம் தானாகவே தணிவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவருக்குப் பயம் பாதி குறையும்.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது ஒரு நம்பிக்கை: 'சிகரெட் இல்லாமல் டென்ஷனைத் தாங்க முடியாது.' இதோடு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து வாதாடுங்கள். இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, மனது லேசாகிறது. அது பொய்யில்லை. ஆனால் அளவு இறங்க இறங்க எரிச்சலும் நிலைகொள்ளாமையும் வருகின்றன. அடுத்த சிகரெட் தணிப்பதில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் உண்டாக்கிய இந்த எரிச்சல்தான். வீட்டிலோ வேலையிலோ இருக்கிற பிரச்சினை அப்படியே இருக்கிறது. உங்கள் தாளில் 'டென்ஷன்' என்று எழுதிய வரிகளைப் பாருங்கள். முந்தைய சிகரெட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று கணக்குப் பாருங்கள். என் வரிகளில் பாதிக்கு மேல் பதில் அங்கேயே இருந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரல் காஃபினைச் சீக்கிரம் கழிக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தினால் அதே அளவு காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும், நாம் அதை 'சிகரெட் இல்லாததால்' என்று நினைத்துக்கொள்வோம். தேதி வந்ததும் காபியைப் பாதியாக்குங்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். எப்படித் துணை நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இன்னைக்குப் பிடிச்சீங்களான்னு கேட்காதே, எரிஞ்சு விழுந்தா ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அவள் அப்படியே செய்தாள்.

முந்தைய நாள் இரவு லைட்டர், சாம்பல் கிண்ணம், சட்டைப் பையில் மிஞ்சியது எல்லாம் வெளியே போகட்டும். 'அவசரத்துக்கு ஒன்று' என்று எதையும் ஒளித்து வைக்காதீர்கள். கடைசியாக, அந்தத் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: தப்பித் தவறி ஒன்று பிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வேன் என்று. 'எல்லாம் போச்சு' என்ற நினைப்புதான் அந்த ஒன்றை முழுப் பாக்கெட்டாக்கும். நான் எழுதியது: 'பாக்கி இருப்பதைத் தண்ணீரில் போடுவேன். மனைவியிடம் சொல்வேன். தேதியை மாற்ற மாட்டேன்.'