ஏப்ரல் மாத பாயிண்ட்ஸ் டேபிளை நம்பி ஏமாறாதீர்கள்

2019 மே மாதம். அமெரிக்க பேஸ்பாலில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 50 ஆட்டம் ஆடி 19 வெற்றி, 31 தோல்வி என்று தரையில் கிடந்தது. மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை இப்படித்தான் சொல்வார்கள்) டேவ் மார்ட்டினெஸை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் புலம்பியவர்களில் நானும் ஒருவன். அக்டோபர் 30 அன்று அதே மேனேஜரின் அணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஏழாவது, கடைசி ஆட்டத்தில் சாய்த்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸை வென்றது. மே மாதம் பேசியதை அன்று ஒருவரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை. நல்ல நண்பர்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு இன்னும் சுலபமாக வரும். ஐபிஎல்லில் லீக் ஆட்டங்கள் 14தான். தொடர்ந்து மூன்று தோற்றால் வயிறு கலங்குவது நியாயம். பேஸ்பாலில் 162. நூறு ஆட்டம் ஜெயிக்கிற அபாரமான அணியும் 62 முறை தோற்றுத்தான் ஆக வேண்டும். அதில் ஐந்தாறு, சீசன் சூடுபிடிக்காத ஏப்ரலில் வரிசையாக வந்து விழுந்தால் அதிசயமில்லை. மறுபக்கமும் உண்டு. 1987இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. மே மாதத்தில் 12 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

அடுத்து, பேட்டரின் சராசரி. முதல் மாதத்தில் ஒருவர் 80 முறை அடிக்க வந்து 20 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது) எடுத்தால் .250, சுமார் ரகம். 24 எடுத்தால் .300, நட்சத்திரம். இரண்டுக்கும் இடையில் வெறும் நாலு ஹிட். வாரத்துக்கு ஒரு பந்து ஃபீல்டரின் கையுறைக்கு ஓரடி தள்ளி விழுந்தால் போதும். 2006 ஏப்ரலில் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் 10 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். அந்த சீசன் முழுக்க அவர் அடித்தது 16. ஜூலை முடிவில் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அவசரப்பட்டு அவர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இதற்கு நேர் எதிர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேட்டர் டேவிட் ஓர்டிஸ். 2009 மே முடியும்வரை ஒரே ஒரு ஹோம் ரன். ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். கடைசியில் 28 அடித்தார்.

குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரலில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பகலிலேயே பல் கிட்டும். குளிர்ந்த காற்று கனமானது, பந்து அவ்வளவு தூரம் போகாது. ஜூலையில் வேலியைத் தாண்டுகிற அடி ஏப்ரலில் வேலிக்கு முன்னாலேயே கேட்ச் ஆகிவிடும்.

சரி, எதைத்தான் பார்ப்பது? பேட்டர் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆகிறார், எத்தனை வாக் (நாலு தப்பான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) வாங்குகிறார் என்று பாருங்கள். சராசரியைவிட இவை சீக்கிரம் நிலைக்கு வரும். பந்து வீசும் பிட்சர் என்றால் பந்தின் வேகம். அதையும் போன வருட ஆகஸ்டோடு ஒப்பிடாமல் போன வருட ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். குளிரில் எல்லோருக்குமே கை கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தும் மணிக்கு இரண்டு மைல் குறைந்திருந்தால் தோள்பட்டையிலோ முழங்கையிலோ கோளாறு இருக்கலாம். நான் கவலைப்படுவது அப்போதுதான்.

அதற்காக எதற்கெடுத்தாலும் 'இன்னும் எவ்வளவோ ஆட்டம் இருக்கே' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் தப்பு. 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டம் தோற்றதுமே மேனேஜர் கேல் ரிப்கன் சீனியரை நீக்கியது. அப்புறமும் 15 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. மொத்தம் 21. அந்த சீசனை 107 தோல்வியோடு முடித்தது. சில அணிகள் நிஜமாகவே மோசம்தான்.

ஏப்ரல் வெற்றிகள் சும்மா என்று நினைப்பவர்களுக்கு 1982 அட்லாண்டா பிரேவ்ஸ் இருக்கிறது. அவர்களும் முதல் 13ஐ ஜெயித்தவர்கள்தான். அப்புறம் தடுமாறித் தடுமாறி, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸைவிட ஒரே ஒரு வெற்றி கூடுதலாக வைத்துத் தங்கள் பிரிவில் முதலிடத்தைக் கைப்பற்றினார்கள். அந்த 13இல் ஒன்று கைநழுவியிருந்தால் இரண்டு அணியும் சமம், இன்னோர் ஆட்டம் ஆடித்தான் தீர்த்திருக்க வேண்டும்.