ஊராட்சியில் பணம் இல்லை என்கிறார்களா? கிராம சபைக்குப் போகும் முன் வரவு செலவைப் படிப்பது எப்படி

மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்துபோய் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை, தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் தள்ளிப் போகிறது என்று ஊர் மக்கள் கேட்கும்போதெல்லாம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: நிதி இல்லை. இந்தப் பதில் சில நேரங்களில் முழு உண்மையாகவும், சில நேரங்களில் பாதி உண்மையாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, ஊராட்சிக்குப் பணம் எந்த வழியாக வருகிறது, அதில் எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் எதில் வாக்காளராக இருந்தாலும், கிராம சபைக் கூட்டத்திற்கு முந்தைய வாரத்தில் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடலாம். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் வருவாயின் வழிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள், குத்தகை ஆகியவை ஊராட்சியே வசூலிக்கும் சொந்த வருவாய். வீட்டு வரியோடு சேர்த்து வாங்கப்படும் நூலக வரி ஊராட்சியின் பணம் அன்று, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. அடுத்தது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாதந்தோறும் வரும் மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகள் அனைத்துக்குமாகச் சேர்த்து ஒதுக்கி, அதைப் பங்கிட்டுத் தருகிறார்கள். மூன்றாவது, ஒன்றிய அரசின் வரிப் பணத்தைப் பங்கிடுவது பற்றிப் பரிந்துரைக்கும் ஒன்றிய நிதிக்குழுவின் மானியம். இவை தவிர, வீடு கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் தனித்தனித் திட்ட நிதிகள் வரும். அவை அந்தந்தத் திட்டத்தோடு வந்து அத்தோடு முடிந்துவிடும் என்பதால் அன்றாடச் செலவுக்கு உதவா.

நெருக்கடியின் வேர் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காட்டுக்கு நோக்கம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த 60-இல் பாதி துப்புரவுக்கும், மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும் மட்டுமே உரியது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றாலும், அதிலிருந்து சம்பளமோ நிர்வாகச் செலவோ செய்யக் கூடாது. அதாவது, 10 லட்சம் ரூபாய் வந்தால் அதில் 3 லட்சம் துப்புரவுக்கு, 3 லட்சம் தண்ணீருக்கு, மீதி 4 லட்சம் மற்ற பணிகளுக்கு. ஆகவே வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் இருப்பு இருக்கும்போதே, உடைந்த சிறுபாலத்தைச் சீரமைக்கப் பணம் இல்லை என்று தலைவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதேபோல, குடிநீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்யப் பணம் இல்லை என்று சொல்லப்பட்டால், குடிநீருக்கென ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. மொத்த இருப்பு எவ்வளவு என்று கேட்காமல், எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஊராட்சிக் கணக்குகளைப் பொதுநிதிக்கு ஒன்று, மின்கட்டணம் மற்றும் குடிநீர் வாரியக் கட்டணத்திற்கு ஒன்று, திட்ட நிதிக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துவந்த வழக்கத்தின் நோக்கமும் இதுவே. 16-ஆவது நிதிக்குழுவுக்குரிய காலம் 2026-27-இல் தொடங்குவதால், அந்த ஆண்டு முதலான மானியத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கான நிபந்தனைகளைத் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே தேர்தலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்ற காரணத்தால் அப்போது ஒன்றிய நிதிக்குழு மானியத்தின் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அங்கெல்லாம் மன்றத்துக்குப் பதிலாக நிர்வாகத்தைக் கவனிக்கும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243உ பிரிவு சொல்லியிருந்தும் இப்படி நடப்பது, வாக்குரிமையோடு குடிநீர்க் குழாயையும் சேர்த்துப் பாதிக்கும் செயல் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஊரில் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்துக் கணக்கைப் படிக்கிறீர்கள் என்றால், மானியத் தவணை எந்தத் தேதியில் கடைசியாக வந்தது என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆவணங்கள். கிராம சபைக்கென்று ஊராட்சி தயாரிக்கும் வரவு செலவு அறிக்கையைப் படிவம் 30 என்பார்கள். அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1 முதல் கூட்டத்திற்கு முந்தைய மாத இறுதி வரையிலான வரவும் செலவும் அதில் இருக்கும். கூட்டத்தில் அதை வாசித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதோடு, மக்கள் பார்க்கும்படி பிளெக்ஸ் பதாகையாகவும் வைக்க வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியிருக்கிறது. கூட்டத்தன்று பதாகையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், நான்கைந்து நாள் முன்னதாகவே ஊராட்சிச் செயலரைச் சந்தித்துப் படியைக் கேளுங்கள். அதோடு வீட்டு வரி மற்றும் குடிநீர்க் கட்டணத்தின் கேட்பு (அதாவது வசூலாக வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலையும், மின் இணைப்புகளின் பட்டியலையும், கடைசித் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். செயலர் ஒருவரே பல பதிவேடுகளைச் சுமப்பவர் என்பதால் அதிகாரத் தோரணையில் கேட்காமல், எழுத்துப்பூர்வமாக ஒரு தாளில் பட்டியலிட்டுக் கொடுத்தால் வேலை நடக்கும். ஒன்றிய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் பதிவான வரவு, செலவுச் சீட்டுகளையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். செயலர் தரும் படியோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

படிவம் கைக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பத்திகள் போட்டு, சொந்த வருவாய், மாநில மானியம், ஒன்றிய மானியம் என்று வரவுகளைப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு செலவும் எந்தப் பத்தியிலிருந்து போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், சொந்த வருவாய்ப் பத்தி எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

வசூல் பட்டியலைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஊரின் கணக்கும் அன்று, முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டது. 900 வீடுகள், வீட்டுக்குச் சராசரியாக 200 ரூபாய் வரி என்றால் ஆண்டுக் கேட்பு 1,80,000 ரூபாய். வசூலானது 1,10,000 என்றால் நிலுவை 70,000. குடிநீர் இணைப்பு 600, மாதம் 30 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் வர வேண்டும். வந்தது 90,000 என்றால் நிலுவை 1,26,000. இரண்டும் சேர்ந்து 1,96,000 ரூபாய். மோட்டார் காயில் கட்டுவதற்கும், குழாய் உடைப்புக்கும், தெருவிளக்குச் சாமான் வாங்குவதற்கும் யாரிடமும் அனுமதிக்காகக் காத்திருக்காமல் ஊராட்சி செலவிடக்கூடிய பணம் இதுதான், அது வராமலே நின்றுவிடுகிறது. இதோடு, புதிதாகக் கட்டப்பட்டு இன்னும் வரிவிதிப்பு எண் பெறாத வீடுகள் 150 இருந்தால் அவை கேட்புப் பட்டியலிலேயே வந்திருக்கா, ஆகவே நிலுவையாகவும் தெரியா. உங்கள் தெருவில் கடந்த ஐந்தாண்டில் எழுந்த வீடுகளை எண்ணி, பட்டியலில் கூடியிருக்கும் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். மாடி கட்டியவர்கள், வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக்கியவர்கள் பற்றியும் இதே கேள்வி எழும். ஊரில் செல்வாக்குள்ளவர்களின் கட்டடங்களும், தொழிற்சாலை, கல்லூரி போன்ற பெரிய கட்டடங்களும் பட்டியலில் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஏழை வீட்டின் 200 ரூபாய் நிலுவையைப் பேசிவிட்டு, பெரிய கட்டடத்தின் ஆயிரக்கணக்கான ரூபாய் நிலுவையைப் பேசாமல் விடுவது அறமாகாது.

செலவுப் பக்கத்தில் மின்கட்டணத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் முதல் மின்கட்டணம் பலமுறை உயர்ந்துவிட்டதால் ஊராட்சிகளின் சுமை கூடியிருப்பது உண்மையே. ஆனால் கட்டண உயர்வால் வந்த செலவு எது, கவனக்குறைவால் வந்த செலவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மின் இணைப்பு எண்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த ஆழ்துளைக் கிணற்றுக்கு, எந்தத் தெருவிளக்குப் பெட்டிக்கு உரியது என்று டேங்க் ஆபரேட்டரோடு நடந்துபோய்ப் பார்த்தால் பல செய்திகள் கிடைக்கும். தண்ணீர் வற்றிக் கைவிடப்பட்ட போர்வெல்லுக்கு இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கலாம். சுவிட்சை அணைக்க ஆள் இல்லாமல் தெருவிளக்குகள் பட்டப்பகலிலும் எரியலாம். தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம். கோடை மாதங்களில் மோட்டார் அதிக நேரம் ஓடுவது இயல்பு என்பதால், மே மாதப் பில்லை நவம்பர் பில்லோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு மே மாதப் பில்லோடு ஒப்பிடுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் பெறும் ஊர்களில், வந்த தண்ணீரின் அளவுக்குத்தான் கட்டணம் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்கலாம்.

சம்பளச் செலவைக் குறைக்கச் சொல்லி மட்டும் எந்தக் கேள்வியும் எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தூய்மைக் காவலர்களும் டேங்க் ஆபரேட்டர்களும் மிகக் குறைந்த ஊதியத்தில்தான் வேலை செய்கிறார்கள். நெருக்கடி வரும்போது முதலில் தள்ளிப்போடப்படுவது அவர்களுடைய ஊதியமாகவே இருப்பதைப் பல ஊர்களில் காணலாம். அதற்கு மாறாக, எத்தனை மாத ஊதியம் நிலுவையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் கொடுக்கப்படும் என்று கேட்டுப் பதிவுசெய்ய வையுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், 2022-இல் சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர். வரி பாக்கி வைத்திருப்பவர் பேசக் கூடாது என்று யாரேனும் தடுத்தால் அது சட்டப்படி செல்லாது, ஆனாலும் இந்த ஆண்டின் வரி ரசீதைக் கையோடு கொண்டுபோவது உங்கள் சொல்லுக்கு வலு சேர்க்கும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை தேவை: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எனவே மகளிர் குழுக்களிடமும் இளைஞர்களிடமும் முன்கூட்டியே பேசி ஆட்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஏற்பதும், பணிகளின் முன்னேற்றத்தை ஆய்வதும் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கும் அதிகாரங்கள். ஆகவே இது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது.

எழுந்து பேசும்போது பத்துக் குறைகளை அடுக்க வேண்டாம். எண்ணோடு கூடிய இரண்டு மூன்று கேள்விகள் போதும். ஊராட்சியில் ஊழல் என்று பொதுவாகச் சொன்னால் கூச்சல்தான் மிஞ்சும். குடிநீர்க் கட்டண நிலுவை 1,26,000 ரூபாய் இருக்கிறது, அதை எந்த மாதத்திற்குள் எப்படி வசூலிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் தலைவரோ தனி அலுவலரோ பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வியைத் தொடர்ந்து தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றின் மின் இணைப்பை இம்மாத இறுதிக்குள் துண்டிப்பதெனவும், வரிவிதிப்பு எண் இல்லாத கட்டடங்களை அடுத்த கிராம சபைக்குள் கணக்கெடுத்துப் பட்டியலை வைப்பதெனவும் இச்சபை தீர்மானிக்கிறது" என்பது போல, யார் பார்த்தாலும் நிறைவேறியதா இல்லையா என்று சொல்லக்கூடிய வாசகமாக அது இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கத்திற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்த வாரத்திலேயே தீர்மானத்தின் படியைக் கேளுங்கள். முன்பு கேட்ட ஆவணங்களோ இந்தப் படியோ கிடைக்கவில்லை என்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். வேறோர் அலுவலகத்திற்கு உரியது என்றால் அவர்களே 5 நாட்களுக்குள் அதை அனுப்பிவைக்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு, நூறு பக்கப் படிக்குப் பணம் கட்டுவதைவிடப் பல நேரங்களில் அதுவே எளிது. கிடைத்த தாள்களைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த கிராம சபையில் புதுப் படிவம் 30-ஐ வாசிக்கும்போது, பழைய படிவத்தின் இறுதி இருப்பும் புதியதின் தொடக்க இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு சென்ற தீர்மானங்களின் நிலையைக் கேளுங்கள்.